ஷேக்ஸ்பியரைத் தமிழில் மேடையேற்றுவது: சிங்கப்பூர் நாடகக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்மொழி விழாவுக்கோ, பள்ளி நாடக மன்றத்துக்கோ, சின்ன அரங்கில் இரண்டு மூன்று காட்சிகளுக்கோ ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைத் தமிழில் எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. எழுதுபவர், இயக்குபவர், மேடை நிர்வாகி மூவரையும் மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். ஆங்கில இலக்கியம் படித்திருக்க வேண்டியதில்லை. எடுக்கப்போகும் நாடகத்தை முழுதாக இரண்டு முறையாவது படித்திருக்க வேண்டும்.

முதன்முறையாக எடுக்கிறோம். எந்த நாடகம் ஏற்றது?

மெக்பெத். அதில் ஏறத்தாழ 17,000 சொற்கள்தான். ஹாம்லெட் 30,000-ஐ நெருங்குகிறது. மெக்பெத்தில் கிளைக்கதை கிடையாது. குறி கேட்பது, ஆசை, கொலை, தூக்கமின்மை, வீழ்ச்சி என்று ஒரே ஓட்டமாக ஓடுவதால், வெட்டினாலும் கதை சிதறாது.

ஹாம்லெட்டில் நாயகன் ஒருவனே மொத்த வசனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேசுகிறான். பகலில் வேலைக்குப் போய் இரவில் ஒத்திகைக்கு வரும் நடிகருக்கு அது பெரிய சுமை. லியர் மன்னனுக்கு வயதும் மூச்சும் இரண்டும் உள்ள ஒரு நடிகர் கையில் இருந்தால்தான் இறங்கலாம்.

எந்த ஆங்கிலப் பதிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்வது?

ஷேக்ஸ்பியர் இறந்தது 1616-இல். அவருடைய 36 நாடகங்களைத் தொகுத்து ஃபோலியோ என்னும் பெரிய பதிப்பு வந்தது 1623-இல். மெக்பெத் அதில்தான் முதன்முதலாக அச்சேறியது, ஆகவே அதற்கு ஒரே மூலம். மற்ற சில நாடகங்களுக்கு அப்படியில்லை. ஹாம்லெட் 1603, 1604–05, 1623 என மூன்று வடிவங்களில் இருக்கிறது. லியர் 1608-ஆம் ஆண்டின் குவார்ட்டோ என்னும் சிறிய அளவுப் பதிப்பிலும் ஃபோலியோவிலும் வெவ்வேறாக இருக்கிறது. குவார்ட்டோவில் உள்ள ஏறத்தாழ 300 வரிகள் ஃபோலியோவில் இல்லை. ஃபோலியோவில் உள்ள 100 வரிகள் குவார்ட்டோவில் இல்லை. பித்துப்பிடித்த லியர் தன் பெண்களை நிறுத்தி விசாரிப்பதாகக் கற்பனை செய்யும் காட்சி குவார்ட்டோவில் மட்டுமே உண்டு. கடைசி வசனத்தை ஒன்றில் ஆல்பனி பேசுகிறான், மற்றதில் எட்கர் பேசுகிறான்.

இதனால் வரும் சிக்கல் ஒத்திகையில்தான் வெளிப்படும். எழுத்தாளர் ஒரு பதிப்பையும் நடிகர்கள் இணையத்தில் கிடைத்த இன்னொன்றையும் வைத்திருந்தால், “என் வசனம் எங்கே?” என்ற சண்டை நிச்சயம். குறிப்புரை உள்ள ஒரு பதிப்பை எல்லோருக்கும் பொதுவாக முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பா, தழுவலா? எதைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ் மேடைக்கு இரண்டுமே பழக்கமானவை. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார், மெக்பெத்தை மகபதி ஆக்கினார். வெனிஸ் நகர வணிகன் அவர் கையில் வாணீபுர வணிகன் ஆனது. மூலப் பெயரின் ஓசை காதில் விழவேண்டும், ஆனால் ஆள் நம் ஊர் அரசனாக இருக்கவேண்டும் என்பது அவர் வழி.

இன்று நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. கதையை இயக்கும் விசை எது? மெக்பெத்தில், நம்பி வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கொல்வது. லியரில், சொத்தைப் பிரித்துக் கொடுத்த பிறகும் மதிப்பு மட்டும் தன்னிடமே இருக்கும் என்று நினைப்பது. அந்த விசை எந்த உலகத்தில் வைத்தால் பார்ப்பவர் வயிற்றைப் பிசைகிறதோ அங்கே நாடகத்தை வையுங்கள். ஸ்காட்லாந்திலேயே அது வேலை செய்கிறது என்றால் மொழிபெயர்ப்பு போதும். பெயரையும் உடையையும் மட்டும் மாற்றி, விசையைக் கவனிக்காமல் விட்ட தழுவல்தான் மிக மோசமாகத் தோற்கிறது. நடிகர்கள் வேட்டி கட்டியிருப்பார்கள், ஆனால் ஒருவரும் நம் மனிதராகத் தெரியமாட்டார்கள்.

லியரை இன்றைய சிங்கப்பூரில் வைக்க ஆசை. எப்படிச் செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் சொத்து. மூலத்தில் லியர் தன் நாட்டை மூன்று பெண்களுக்குப் பிரிக்கிறார். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை மூன்று துண்டாக்க முடியாது. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வீவக வீடு இருந்தால் இன்னொன்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளவும் விதி இடம் தராது. முதல் காட்சியிலேயே பார்வையாளர் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். சிராங்கூன் சாலையில் ஒரு குடும்ப வணிகம், மளிகைக் கடையோ துணிக்கடையோ, அதன் பங்குகள் என்று வைத்துக்கொண்டால் தடையில்லை. பங்கை எழுதிக்கொடுக்க ஒரு கையெழுத்து போதும், திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதில்லை. மூலக்கதைக்குத் தேவை அதுதான்.

அடுத்தது, அன்பை எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்லும் காட்சி. மூலத்தில் லியருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. நமக்கு அது சதாபிஷேக வயது. உறவினர் கூடிய மண்டபம், மாலை, மேடை, மைக். மூத்த பெண் மைக்கைப் பிடித்து அப்பாவைப் புகழ்கிறாள், இரண்டாமவள் அதற்கும் மேலே போகிறாள், கடைசிப் பெண் மைக்கை வாங்கி ஒன்றும் சொல்லாமல் நிற்கிறாள். இந்தச் சடங்குக்கு விளக்கமே தேவையில்லை. பார்ப்பவர்களில் பாதிப் பேர் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, லியர் தன்னோடு வைத்துக்கொள்ளும் நூறு வீரர்கள். மூத்த பெண் ஐம்பதாகக் குறைக்கிறாள், இரண்டாமவள் இருபத்தைந்து என்கிறாள், பிறகு பத்து, ஐந்து, ‘ஒருவர்தான் எதற்கு?’ என்று முடிகிறது. இந்தப் படிக்கட்டை விட்டுவிடாதீர்கள். ‘மரியாதை குறைந்தது’ என்று பொதுவாகச் சொன்னால் காட்சி செத்துவிடும். எண்ணால் இறங்க வேண்டும். தினமும் மாலையில் அப்பாவைப் பார்க்கவரும் நண்பர்கள் பத்துப் பேர் என்று வையுங்கள். “பத்துப் பேர் எதுக்குப்பா? ஹால்ல இடம் இல்ல. அஞ்சு பேர் போதும்.” அடுத்த வீட்டில், “ரெண்டு பேர். அதுவும் சனிக்கிழமை மட்டும்.” பிறகு, “கீழே புளோக்ல உட்கார்ந்து பேசுங்க. வீட்டுக்கு ஒருத்தர்கூட வரவேணாம்.” ஒவ்வொரு வரியும் நியாயமாகக் கேட்க வேண்டும். மூலத்தில் மகள்கள் பேசுவதும் அப்படித்தான்.

நான்காவது, சட்டம். சிங்கப்பூரில் 1995-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, 60 வயது தாண்டித் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு நடுவர் மன்றத்தை நாடலாம். உங்கள் லியர் மழையில் நனையும்போது மூன்றாம் வரிசையில் இருப்பவர் “புகார் கொடுக்க வேண்டியதுதானே” என்று நினைப்பார். அதை நாடகத்துக்குள் யாராவது ஒருவர் கேட்டே ஆகவேண்டும். கோமாளி கேட்கட்டும். “என் பிள்ளை மேல நான் மனு போடுறதா?” என்று லியர் சீறட்டும். சட்டம் இருந்தும் போகமாட்டேன் என்பதில் அவருடைய வீம்பு மூலத்தில் உள்ளதைவிடக் கூர்மையாகத் தெரியும்.

ஐந்தாவது, புயல். வீவக கீழ்த்தளத்துக்குக் கூரை உண்டு, அங்கே நின்றால் யாரும் நனைய மாட்டார்கள். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம்தான் இடம். சுற்றிலும் விளக்கெரியும் சன்னல்கள், நடுவில் வெட்டவெளி.

இவ்வளவும் சரியாக வந்தாலும் ஐந்தாம் அங்கம் இடிக்கும். கடைசி மகள் கார்டீலியா படையோடு திரும்பி வருகிறாள், தோற்கிறாள், சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். இதை வழக்கு, வக்கீல் நோட்டீஸ் என்று மாற்றினால் மரணத்துக்கு வழியில்லை. மரணம் இல்லையென்றால் அது லியர் இல்லை. 1681-இல் நேஹம் டேட் என்பவர் மகளைப் பிழைக்கவைத்துச் சுபமாக முடித்தார், அந்த வடிவமே ஒன்றரை நூற்றாண்டு ஆங்கில மேடையில் ஓடியது. இன்று அதை யாரும் சீந்துவதில்லை. எங்கள் பரிந்துரை: நான்காம் அங்கத்தோடு இயல்புவாதத்தைக் கைவிடுங்கள். கடை, மண்டபம், கார் நிறுத்துமிடம் எல்லாம் மேடையிலிருந்து போகட்டும். கோமாளியோ கூத்துக் கட்டியக்காரனோ போரைப் பாடிச் சொல்லட்டும். பிறகு லியர் மகளைத் தூக்கிக்கொண்டு வெறும் மேடையில் நுழையட்டும். முதல் காட்சியிலிருந்தே ஒரு பாடகர் மேடை ஓரத்தில் இருந்தால்தான் இந்தத் தாவலைப் பார்வையாளர் ஏற்பார்கள். கடைசியில் திடீரென்று அவரைக் கொண்டுவரக் கூடாது.

ரோமியோ ஜூலியட்டை இன்றைய காலத்தில் வைத்தால் கைப்பேசி கதையைக் கெடுக்காதா?

கெடுக்கும். கடிதம் போய்ச் சேராததால்தான் இருவரும் சாகிறார்கள். கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் கடிதம் கொண்டுபோன துறவியை ஒரு வீட்டில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கோவிட் காலத்து வீட்டிலிருக்கும் உத்தரவு இதற்குப் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அப்போதும் கைப்பேசி கையில் இருந்ததே. ‘பேட்டரி தீர்ந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள், அரங்கமே சிரிக்கும். 1950களின் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பு போன்ற ஒரு காலத்துக்குக் கதையை நகர்த்துங்கள். கடிதம், ஆள் மூலம் சேதி, அடுத்தடுத்த வரிசை வீடுகள், ஊர்ப் பகை எல்லாம் இயல்பாக அமையும்.

வசனத்துக்கு எந்தத் தமிழ்? செந்தமிழா, பேச்சுத் தமிழா?

முழுக்கச் செந்தமிழில் எழுதினால் இளைய பார்வையாளர் பத்து நிமிடத்தில் நடிகரை விட்டுவிட்டு, வசனத்தை ஆங்கிலத்தில் காட்டும் திரையைப் படிக்கப் போய்விடுவார்கள். முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதினால் மன்னன் கொலையும் மாமியார் சண்டையும் ஒரே மாதிரி கேட்கும்.

ஷேக்ஸ்பியரே வழி காட்டியிருக்கிறார். அவருடைய நாடகங்களில் உயர்ந்தோர் பெரும்பாலும் செய்யுளில் பேசுவார்கள், காவலாளியும் வேலையாளும் உரைநடையில் பேசுவார்கள். பித்துப் பிடித்தால் அரசியும் உரைநடைக்கு இறங்குகிறாள். தூக்கத்தில் நடக்கும் மெக்பெத் சீமாட்டி அப்படித்தான் பேசுகிறாள். தமிழில் இதைச் செய்ய நமக்கு இரண்டு மொழிநிலைகள் தயாராக இருக்கின்றன. சபையில் பேசுவது, சபதம், தனிமொழி ஆகியவை எழுத்துத் தமிழ். வீட்டுக்குள், பயத்தில், உளறலில் பேச்சுத் தமிழ். எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறது என்று பிரதியின் ஓரத்தில் குறித்துவையுங்கள். மாறும் இடத்துக்குக் காரணம் சொல்ல முடியவில்லை என்றால் அங்கே மாற்றாதீர்கள்.

செய்யுளைச் செய்யுளாகவே கொண்டுவர முடியுமா?

முடியும். 1891-இல் வந்த மனோன்மணீயம் பெரும்பகுதி ஆசிரியப்பாவில் அமைந்தது. ‘நீராருங் கடலுடுத்த’ வாழ்த்து அந்த நூலில் உள்ளதே. ஆனால் அது படிப்பதற்கென எழுதப்பட்ட நாடகம். மேடைக்கு நாற்சீர் ஓட்டத்தையும் மோனையையும் எடுத்துக்கொண்டு, வாக்கியத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய இடைஞ்சல் வினைச்சொல்லின் இடம். மனைவி இறந்த செய்தி கேட்டு மெக்பெத் பேசும் புகழ்பெற்ற பகுதியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இப்படி வரும்:

“நாளையும், அதற்கடுத்த நாளையும், அதற்கும் அடுத்த நாளையும், எழுதப்பட்ட காலத்தின் கடைசி அசை வரையிலும், நாளுக்கு நாள் சிறுநடையாக ஊர்ந்து செல்கின்றன.”

பிழை ஒன்றுமில்லை. ஆனால் ‘ஊர்ந்து’ வருவதற்குள் நடிகருக்கு மூச்சு முடிந்துவிடும், கேட்பவருக்கு எது ஊர்கிறது என்பதே மறந்துவிடும். இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

“நாளை. நாளை. இன்னும் ஒரு நாளை.
ஊர்ந்து ஊர்ந்து வருகிறது ஒவ்வொரு நாளும்,
காலம் எழுதும் கடைசி எழுத்து வரை.”

வினை முன்னால் வந்துவிட்டது, கடைசி வரி தொங்கலாக நிற்கிறது. பேச்சில் நாம் இப்படித்தான் வரிசை மாற்றிப் பேசுகிறோம், ஆகவே செயற்கையாக ஒலிக்காது. ஒவ்வொரு தனிமொழியையும் எழுதி முடித்ததும் நின்றுகொண்டு உரக்கப் படியுங்கள். ஒரே மூச்சில் முடியாத வாக்கியத்தை உடையுங்கள்.

நீ, நீங்கள், உறவுப் பெயர்கள் இவற்றை எப்படி முடிவுசெய்வது?

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் நமக்கிருப்பது போலவே இரண்டு முன்னிலைகள் இருந்தன. இன்றைய ஆங்கில நடிகர்கள் அதை ஓரளவு இழந்துவிட்டார்கள், தமிழ் நடிகருக்கு அது இன்னும் கைவசம் இருக்கிறது.

ஹாம்லெட் தாயின் அறைக்கு வரும் காட்சியைப் பாருங்கள். ‘உன் தந்தையை நீ மிகவும் நோகடித்துவிட்டாய்’ என்று அவள் ஒருமையில் தொடங்குகிறாள். ‘அம்மா, என் தந்தையை நீங்கள் நோகடித்துவிட்டீர்கள்’ என்று அவன் பன்மையில் திருப்புகிறான். அவள் சொல்லும் தந்தை அவளுடைய இப்போதைய கணவன் கிளாடியஸ், அவன் சொல்லும் தந்தை இறந்துபோனவர். அடுத்த வரியிலேயே அவளும் பன்மைக்கு மாறிவிடுகிறாள். அந்தக் கோபத்துக்குத் தமிழில் ‘நீங்கள்’ சரிவராது, செல்லமாகிவிடும். நம் வீட்டு அம்மாக்கள் கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு “துரை எதிர்த்துப் பேசுறார்!” என்று படர்க்கையில் பேசுவார்கள். அதைப் போடுங்கள்.

கிளாடியஸை ஹாம்லெட் எப்படி அழைப்பது என்றும் கேட்கிறார்கள். அவன் அப்பாவின் தம்பி என்று கொண்டால் சித்தப்பா. சபையில் ‘மன்னா’, தனிமையில் ‘சித்தப்பா’, ‘அப்பா’ என்று ஒருமுறைகூட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வெட்டலாம்? எதை வெட்டக் கூடாது?

இடைவேளையில்லாத 90 நிமிடம் சின்ன அரங்குக்கு நல்ல அளவு. அதில் இசை, அசைவு, மௌனத்துக்குக் கால் மணி நேரம் போகும். மீதியில் நிமிடத்துக்கு 100 தமிழ்ச் சொல் என்றால் 7,500 சொல். இதுதான் உங்கள் பிரதியின் மேல்வரம்பு.

மெக்பெத்தில் மூன்றாம் அங்கத்தின் ஹெக்கட் காட்சியை முழுதாக எடுத்துவிடலாம். அது பிறர் கை சேர்த்தது என்பதே ஆய்வாளர் பலர் கருத்து. இங்கிலாந்தில் மால்கமும் மெக்டஃபும் பேசும் நீண்ட காட்சியை மூன்றில் ஒரு பங்காக்கலாம். கடைசிப் போர்க் காட்சிகளை ஒன்றாக இணைக்கலாம்.

மெக்டஃபின் மனைவி மக்கள் கொல்லப்படும் காட்சியைத்தான் பலரும் குழந்தை நடிகர் கிடைக்கவில்லை என்று வெட்டுகிறார்கள். வெட்டினால் இரண்டு இடம் சரியும். குடும்பம் அழிந்த செய்தி கேட்டு மெக்டஃப் உடையும்போது பார்வையாளருக்கு எந்த முகமும் நினைவுக்கு வராது. தூக்கத்தில் நடக்கும் சீமாட்டி ‘ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாள்’ என்று முனகுவதும் யாருக்கும் புரியாது. குழந்தை கிடைக்காவிட்டால் தொட்டிலும் தாலாட்டும் வைத்துச் செய்யுங்கள்.

எட்டுப் பேர்தான் இருக்கிறோம். போதுமா?

போதும். இரட்டை வேட அட்டவணையைப் பிரதிக்கு முன்பே போடுங்கள். இடமிருந்து வலமாகக் காட்சிகள், மேலிருந்து கீழாக நடிகர்கள்.

மெக்பெத்தில் மூன்று சூனியக்காரிகளும் மூன்று கொலைகாரர்களும் ஒரே மூவராக இருக்கலாம். விதியைச் சொன்னவர்களே அதை நடத்திக் காட்டுகிறார்கள் என்ற பொருள் வேடத்திலிருந்தே கிடைத்துவிடும். நான்காம் அங்கத்தில் மட்டும் குறி சொல்லும் காட்சிக்கு அடுத்ததே கொலைக் காட்சி. ஆனால் மெக்டஃபின் மனைவியும் மகனும் பேசும் பகுதி நடுவில் இருப்பதால் உடை மாற்ற நேரம் உண்டு. அந்தப் பேச்சை அதிகமாக வெட்டிவிடாதீர்கள். முதல் அங்கத்தோடு டங்கனின் நடிகர் ஓய்வாகிவிடுகிறார், அவரையே மருத்துவராக்கலாம். லியரில் கார்டீலியாவும் கோமாளியும் ஒரே காட்சியில் சந்திப்பதே இல்லை. ஒருவரே இரண்டையும் செய்யும்போது, முடிவில் லியர் ‘என் பேதையைத் தூக்கிலிட்டுவிட்டார்களே’ என்று புலம்புவது இரண்டு பேரையும் தொடும்.

தெருக்கூத்து, இசை நாடகம் இவற்றைச் சேர்க்கலாமா?

தேவை இருந்தால் சேர்க்கலாம், அலங்காரத்துக்காக வேண்டாம். தப்பாட்டக் குழுவைத் தொடக்கத்தில் ஆடவிட்டு, பிறகு ஒன்றரை மணி நேரம் அவர்களை மறந்துவிடும் நாடகங்கள் நிறைய.

பொருந்தும் இடங்கள் சில உண்டு. மெக்பெத்தில் கொலை நடந்த இரவில் கதவு தட்டப்படும்போது வரும் காவலாளியின் பேச்சு 1606-இல் நடந்த ஒரு ராஜதுரோக வழக்கைக் கிண்டல் செய்கிறது. இன்று அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. கூத்தின் கட்டியக்காரன் அந்த இடத்துக்காகவே பிறந்தவன். அரசனைக் கேலி செய்யவும் பார்வையாளரோடு நேராகப் பேசவும் அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அரங்கம் சிரித்து ஓய்ந்த கணத்தில் பிணம் கண்டுபிடிக்கப்பட வேண்டும்.

ஹாம்லெட்டில் பித்துப்பிடித்த ஒஃபீலியாவின் பாட்டுகளுக்கு ஒப்பாரி மெட்டு மிகச் சரி. தந்தையை இழந்த மகள் பாடுவது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வடிவம். மெட்டு ஒப்பாரி, சொல்லோ காதல், விரசம், பூ என்று தாவும். அந்த முரணே அவள் நிலையைக் காட்டிவிடும். ஆர்மோனியம் ஒன்று போதும். மைக் வேண்டியதில்லை.

வெனிஸ் வணிகன், ஒதெல்லோ இவற்றை எடுப்பதில் என்ன எச்சரிக்கை வேண்டும்?

வெனிஸ் வணிகனில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதனான ஷைலாக்கை மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில், உட்காரவைக்கும் யோசனை அடிக்கடி வருகிறது. வேண்டாம். ஷைலாக் அவமதிக்கப்படுவது அவனுடைய மதத்துக்காக. கடைசியில் கட்டாயமாக மதம் மாற்றப்படுகிறான். அதை இங்குள்ள ஒரு சமூகத்தின் மேல் ஏற்றினால், நாடகம் கேள்விகேட்கும் வெறுப்பை நாமே புதிதாக உண்டாக்கியதாகிவிடும். அந்த நாடகத்தை வெனிஸிலேயே விடுங்கள்.

ஒதெல்லோவுக்கு முகத்தில் கரி பூசும் பழக்கம் ஒழிந்துவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவராதீர்கள். வேலைக்கு வேண்டும், வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்று நடத்தப்படும் அந்நியன் அவன். திறமைக்காக வரவழைக்கப்பட்ட வெளிநாட்டவரும் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பமும் என்று வைத்தால், பார்வையாளர் தங்கள் வீட்டுப் பேச்சையே மேடையில் கேட்பார்கள்.

ஆண் வேடத்தைப் பெண்கள் செய்யலாமா?

தாராளமாக. ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடம் எல்லாம் பையன்கள் செய்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையிலும் அதே கதைதான். ஹாம்லெட்டாக ஒரு பெண் நடிப்பதற்கு இன்று காரணம் சொல்லவேண்டியதில்லை. பாத்திரத்தையே பெண்ணாக்குகிறீர்களா, பெண் நடிகர் ஆணாக நடிக்கிறாரா என்பதை மட்டும் முடிவுசெய்துவிடுங்கள். தமிழில் அவன், அவள் என்று வினைமுற்றுவரை மாறும். பாதியில் மனம் மாறினால் பிரதி முழுக்கத் திருத்தவேண்டும்.

ஆங்கில வசனத் திரைக்கு ஷேக்ஸ்பியரின் மூல வரிகளையே போட்டுவிடலாமா?

வேண்டாம். நடிகர் பேச்சுத் தமிழில் நான்கு சொல் சொல்லும்போது திரையில் பழைய ஆங்கிலம் மூன்று வரி ஓடினால், படிப்பவர் மேடையைப் பார்க்கவே மாட்டார். நீங்கள் எழுதிய தமிழை இன்றைய எளிய ஆங்கிலத்தில் பெயர்த்துப் போடுங்கள். ஒரு திரைக்கு இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்துக்குள். குறைந்தது இரண்டு நொடி, அதிகம் ஆறு நொடி.

நகைச்சுவை வரியின் கடைசிச் சொல்லைத் தனித் திரையாகப் பிரியுங்கள். இல்லையென்றால் தமிழ் தெரியாதவர்கள் நடிகர் சொல்லும் முன்பே சிரித்துவிடுவார்கள். திரையை இயக்குபவர் தமிழ் அறிந்தவராக இருக்கவேண்டும், கடைசி மூன்று வாரமாவது ஒத்திகையில் உட்கார்ந்திருக்கவேண்டும். நடிகர் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டால் எங்கே போய்ச் சேர்வது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இளம் நடிகர்களுக்கு உச்சரிப்பு தடுமாறுகிறது. என்ன செய்வது?

ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்வதை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள். அதில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். மெக்பெத்தில் ‘வாள்’ அடிக்கடி வரும். அது ‘வால்’ ஆனால் சோகக் காட்சி அங்கேயே முடிந்தது. தமிழ்ப் பிரதியில் ள, ழ, ற, ண வரும் இடங்களை நிறமிட்டுக் கொடுங்கள். ஒருவர் முழுப் பிரதியையும் நடிப்பில்லாமல், வெறும் உச்சரிப்புக்காகப் படித்து ஒலிப்பதிவாகக் கொடுங்கள். எம்ஆர்டியில் போகும்போது கேட்பார்கள்.

உரிமம், பதிப்புரிமை?

பொதுமக்களுக்கு நடத்தினால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவை. பிரதியைப் பரிசீலிக்க அவர்களுக்கு நேரம் வேண்டும், ஆகவே டிக்கெட் விற்பனைக்கு நாள் குறிக்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

ஷேக்ஸ்பியரின் சொற்களுக்கு உரிமை கேட்க ஆளில்லை. ஆனால் வேறொருவரின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்தால் கதை வேறு. சிங்கப்பூரில் பொதுவான காலவரம்பு, ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தவர், சிக்கலில்லை. 1964-இல் மறைந்த பம்மல் சம்பந்த முதலியாரின் பிரதியை அப்படியே எடுப்பதென்றால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளி பெயரைக் குறிப்பிடவேண்டும் என்கிறது. மொழிபெயர்த்தவர் பெயர் விளம்பரத்திலும் நிகழ்ச்சி ஏட்டிலும் இருக்கவேண்டும்.

தமிழோடு மற்ற மொழிகளையும் கலக்கலாமா?

இதற்கு இங்கேயே முன்னோடி உண்டு. சிங்கப்பூர் இயக்குநர் ஓங் கெங் சென் 1997-இல் இயக்கிய லியரில் ஜப்பானிய நோ நடிகரும் பெய்ஜிங் ஓப்பரா நடிகரும் தாய்லாந்து நடனக் கலைஞரும் அவரவர் மொழியில், அவரவர் ஆட்டமுறையில் ஒரே மேடையில் நடித்தார்கள். மொழி மாறுவதற்குக் கதையில் காரணம் இருந்தால் செய்யுங்கள். வீட்டுக்குள் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் மலாய் என்பது நம் அன்றாடம். கடைசி மகள் அப்பாவிடம் ஆங்கிலத்திலேயே பேசுகிறாள் என்று வைத்தால், மண்டபத்தில் அவள் ஏன் வாயடைத்து நிற்கிறாள் என்பதற்கு இன்னொரு காரணமும் கிடைக்கிறது.

நாடகம் முடிந்த பிறகு பிரதியை எப்படி வைத்துக்கொள்வது?

மேடையில் கடைசியாகப் பேசப்பட்ட வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள், முதலில் எழுதியதை மட்டும் வைத்தால் பயனில்லை. ஒத்திகையில் மாறிய வரிகளை மேடை நிர்வாகியின் பிரதியிலிருந்து ஏற்றுங்கள். யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை இன்னொரு கணினியில் குப்பையாகத் திறக்கின்றன. அதோடு இரட்டை வேட அட்டவணை, வசனத் திரைக் கோப்பு, பாட்டு மெட்டுகளின் ஒலிப்பதிவு நான்கையும் ஒரே உறையில் போட்டு, எந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து வேலை செய்தீர்கள் என்பதை மேலே எழுதிவையுங்கள்.